தரையிலிருந்து கட்டில் வரை

எனக்கு ஒரு குரு உண்டு. என்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவள். பெயர் ஜெபக்கனி. குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று யாராவது சொன்னால், விடியற்காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அதிகாரத்தைத் தொடங்கிவிடும் பிஸியோதெரபிஸ்டை அவர்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நான் சீனியம்மாள். கோவில்பட்டியில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தேன். கனி வந்தபோதே இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு சின்னப் பெண் வந்து சொல்லித் தருவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. கனி கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அந்த ஒரு கோடை விடுமுறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவ்வளவு அழுத ஒரு கோடைக்காக மனசு ஏங்குமா என்று கேட்டால், ஏங்கத்தான் செய்கிறது.

என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து, ஹாக்கி கோச். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஒரு நாள் மைதானத்தில் பந்து இரண்டாகத் தெரிகிறது என்றார். பிறகு வலது கால் மரத்தது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். எனக்கு அது வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது.

"கரண்ட் வயர் மேல ரப்பர் அங்கங்க உரிஞ்சு போனா பல்பு விட்டு விட்டு எரியும்ல, நரம்பும் அப்படித்தான்" என்றார் டாக்டர். மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கும், நோய் முழுசாகப் போகாது என்றும் சொன்னார். சீட்டின் கடைசியில் பிஸியோதெரபி என்று எழுதியிருந்தார். நாங்கள் மருந்தை வாங்கினோம். அந்தக் கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டோம்.

பிப்ரவரியில் நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு நாள், காலை பத்து மணிக்கு அவர் கூடத்தில் விழுந்தார். சாயங்காலம் நாலரைக்கு நான் கதவைத் திறக்கும்வரை அங்கேயே கிடந்தார். மார்ச்சில் மறுபடியும் விழுந்தார். மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம், கைக்கு எட்டவில்லை. வேட்டி நனைந்திருந்தது. வேறு வேட்டி எடுத்துக் கட்டிவிட்டேன்.

அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "சீனி, இந்த நோய் என்னைய முடக்கிப் போட்டது போதும். உன்னையும் சேர்த்து முடக்க விடமாட்டேன்."

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும். அதற்குள், விழுந்தால் தானாகத் தரையிலிருந்து எழ அவருக்கு முடிந்தால் நான் வேலைக்குப் போவேன். முடியாவிட்டால் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். சீட்டில் விட்டுப் போன கடைசி வரியை அப்போதுதான் இருவரும் தேடி எடுத்தோம்.

இப்படித்தான் ஏப்ரல் நடுவில் கனி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

முதல் நாள் அவள் அவரைச் சோதிக்கவில்லை. என்னைத்தான் சோதித்தாள்.

"டீச்சர், மாஸ்டர நாற்காலில இருந்து எப்படி எழுப்புவீங்க? செஞ்சு காட்டுங்க."

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அவர் அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"கட்டில்ல இருந்து?"

தூக்கினேன்.

"இன்னொரு தடவ."

தூக்கினேன். இரைத்தது.

"நல்ல பயிற்சி" என்றாள் கனி. "தோளு, முதுகு, தொடை எல்லாம் நல்லா உரமேறியிருக்கு."

"இவருக்கா?"

"உங்களுக்குத்தான் டீச்சர். மாஸ்டர் பாவம், சும்மால்லா இருக்காரு."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் அன்றைக்குத்தான் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வந்த அன்றே வாய்த்துடுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்.

"ஏம்மா, இந்த நோய் போகுமா?"

"போகாது மாஸ்டர்."

"பயிற்சி செஞ்சா?"

"செஞ்சாலும் போகாது."

"அப்புறம் என்னத்துக்கு?"

கனி சன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். பத்து மணி வெயில் கண்ணைக் குத்தியது.

"நம்ம ஊரு வெயிலு என்னைக்காவது போயிருக்கா மாஸ்டர்?"

"அது எங்க போகும்?"

"அப்ப இத்தன வருசமா பிள்ளைகள எப்படி விளையாட வச்சீங்க?"

"விடிய அஞ்சரைக்கெல்லாம் கிரவுண்டுல நிப்போம். வெயில் ஏறுமுன்ன முடிச்சிருவோம்."

"சரி. நாளைக்கு அஞ்சரைக்கு வாறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கிளம்பிப் போய்விட்டாள். அவர் வெகுநேரம் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி படுக்கும்போது அலாரம் வைக்கச் சொன்னார்.

அந்தக் காலை நேரங்கள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. நைட் ஷிப்ட் முடிந்து மில் ஆட்கள் சைக்கிளில் போவார்கள். அடுத்த தெருவில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாசனை வரும். கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். அவர் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவார், உட்காருவார். கனி மெதுவாக எண்ணுவாள்.

"ஆறு. போதும்."

"போதுமா? இன்னும் பத்து எடுக்கலாமே."

"போதும் மாஸ்டர்."

"வேர்க்கவே இல்லையேம்மா. வேர்க்காம என்ன பயிற்சி? எங்கிட்ட ஒருத்தன் இப்படிச் செஞ்சிருந்தா கிரவுண்ட மூணு ரவுண்டு ஓட விட்டிருப்பேன்."

"அதான் நான் உங்ககிட்ட வந்து சேரல."

ஆறு, ஒரு வாரத்தில் எட்டானது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடந்தார். ஒற்றைக் காலில் நின்று மூன்று எண்ணினார். குதிகாலை உயர்த்தினார். பார்க்கப் பெரிய வித்தையில்லை. ஒரு குழந்தை செய்கிற காரியங்கள்தான். ஆனாலும் நான் அடுப்படியில் நின்று ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் கைதட்டினேன்.

மே பிறந்தது. அக்னி நட்சத்திரமும் பிறந்தது. எல்லாம் தலைகீழாகிவிட்டது.

காலையில் எட்டு முறை எழுந்தவர் எட்டு மணிக்குத் துணிபோல் கிடந்தார். பார்வை மங்கியது. கால் கல்லாய்க் கனத்தது. மாலை வரை கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் கனி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போதும்மா. உன் பயிற்சி என்னைய முடிச்சிரும். இதனாலதான் பகல் பூரா இப்படிக் கெடக்கேன்."

எனக்கும் அதே எண்ணம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துத் தேதி மட்டும் போட்டு வைத்திருந்தேன்.

கனி அவரிடம் வாதாடவில்லை. அடுப்படிக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"டீச்சர், நான் போனப்புறம் மாஸ்டர் என்ன செய்தாருன்னு ஒன்னு விடாமச் சொல்லுங்க."

"என்ன செய்வாரு? காப்பி குடிப்பாரு. பேப்பர் பாப்பாரு. ஏழு ஏழரைக்குக் குளிப்பாரு. சாப்பிட்டு..."

"குளிக்கது என்ன தண்ணி?"

"வெந்நீர்தான்." எனக்கு அதைச் சொல்வதில் ஒரு பெருமை. "பக்கத்து வீட்டு மதினிதான் போன வாரம் சொன்னாக, பயிற்சி செய்த உடம்புக்கு வலி இருக்கும்னு. நொச்சி இலை போட்டு நல்லா கொதிக்க வச்சு, பொறுக்கிற சூட்டுல நாலு குடம் தலையோட ஊத்துவேன். இவரும் பையன்களுக்கு மேட்ச் முடிஞ்சா வெந்நீர்தான் சொல்லுவாரு."

கனி கண்ணை மூடித் திறந்தாள்.

"இந்த அக்னி நட்சத்திரத்துலயா டீச்சர்?"

"நரம்பு வியாதிக்குப் பச்சத் தண்ணி ஆகாதுல்லா? இழுத்துக்கிடும்ல?"

"இந்த நோய்க்குச் சூடுதான் ஆகாது. உடம்பு சூடாச்சுன்னா நரம்புல சேதி போகாது. அதனாலதான் நான் காலைல வாறேன், ஈரத் துண்டு போடுதேன், வேர்க்குமுன்ன நிறுத்துதேன்."

நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சீனியம்மாள் அவ்வளவு ஆசையாக, விறகு ஒடித்து, இலை பறித்து, புருஷன் காலை முடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நானா செஞ்சேன்? நானே இவரக் கெடுத்துட்டேனா?"

கனியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"கெடல டீச்சர். சூடு இறங்கினா கால் திரும்ப வந்துரும். முதல்லயே கேக்காதது என் தப்பு. குளிக்கது என்ன தண்ணின்னு நான் கேட்டிருக்கணும்."

உள்ளே கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எனக்கு வெயிலுமுத்துன்னு பேரு வச்சப்பவே எங்க ஆத்தா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

அழுகையோடு சிரித்தேன். கனியும் சிரித்தாள்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் தொட்டித் தண்ணீரிலேயே குளித்தார். அன்று மத்தியானம் நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ நிழல் ஆடியது. அவர்தான். சுவரைப் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பசிக்கி" என்றார்.

கடுகு கருகிப் போனது. அவ்வளவு ருசியான கருகல் குழம்பை நான் பிறகு வைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் கனி பாயைத் தரையில் விரித்தாள்.

"இனிமே விழுந்து பழகுவோம்."

அவள் பிடித்துக்கொண்டு அவரை மெதுவாகத் தரையில் படுக்க வைப்பாள். அவர் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, தவழ்ந்து கட்டில்வரை போக வேண்டும். கட்டில் சட்டத்தில் கை வைத்து, நல்ல காலான இடது காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் திணறுவார். நான் ஒவ்வொரு கட்டத்திலும் பாய்வேன். என் கை அவர் அக்குளுக்குப் போய்விடும். அதற்குக் கண் வேண்டாம், தானாகப் போகும்.

மூன்றாம் நாள் கனி என்னைத் தடுத்து நிறுத்தினாள்.

"டீச்சர், கேட்டா மட்டும் கை குடுங்க."

"கட்டுன புருசன் தரையில கெடந்து தவிக்காரு. பாத்துக்கிட்டு எப்படிம்மா சும்மா நிக்க? எனக்குச் சொல்லிக் குடு."

கனி பின்வாசலுக்குப் போய் முருங்கையில் ஒரு கொத்தை ஒடித்து வந்தாள். என் மடியில் போட்டாள்.

"உருவுங்க."

அந்த மே மாதம் முழுக்க, அவர் தரையில் புரளும்போதெல்லாம் நான் முருங்கைக் கீரை உருவினேன். கண் கீரையில் இருக்காது. இலையும் காம்பும் ஒன்றாகக் கிண்ணத்தில் விழும். அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் காம்புப் பொரியலைச் சாப்பிட்டார். பாயிலிருந்து எழ இருபது நிமிஷம் ஆனது பதினைந்தானது. ஆனால் கடைசியில் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும் அந்த ஒரு தம்முக்கு மட்டும் கனியின் கை வேண்டியிருந்தது. ஒரு நாளும் அது இல்லாமல் முடியவில்லை.

மே முப்பது. பள்ளி திறக்க இரண்டே நாள்.

கனி வந்து ஹெல்மெட்டை வைத்தாள். அவர் குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். சுவரிலிருந்து கையை எடுத்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் குறும்புதான் வினை. கால் மடங்கியது. நான் பார்க்கப் பார்க்கத் தரையில் சரிந்தார்.

பாய் இல்லை. யாரும் பிடித்துப் படுக்க வைக்கவில்லை. நிஜமாகவே விழுந்துவிட்டார்.

கனி ஓடிப்போய்க் குனிந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள்.

"எங்கயாவது அடி பட்டிருக்கா? வலிக்கா?"

"மானம்தான் வலிக்கி."

"தூக்கவா மாஸ்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிர் அறையில் இருந்த கட்டிலைப் பார்த்தார். பத்தடி இருக்கும்.

"நில்லு" என்றார்.

கனி எழுந்து என் பக்கத்தில் வந்தாள். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முருங்கை இல்லை.

அவர் ஒருக்களித்தார். முழங்கை வழுக்கியது. மறுபடி ஊன்றினார். நாலு காலில் நின்றார். வலது முழங்கால் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வந்தது. நிலைப்படியில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினார். நான் திமிறினேன். கனி விடவில்லை.

"விடு கனி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா தாயே, விடு. பாக்க முடியல."

அவள் பிடி இன்னும் இறுகியது.

கட்டில் சட்டத்தில் கை வைத்தார். இடது காலை ஊன்றினார். உந்தினார். எழ முடியவில்லை, பொத்தென்று முழங்காலில் விழுந்தார். நான் கத்திவிட்டேன். அவர் திரும்பவில்லை. சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா தெரியவில்லை. என் இருபத்திரண்டு வருஷமும் அந்தக் கட்டில் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும், யாராவது அவரைத் தூக்குங்களேன் என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

பிறகு அவர் மெதுவாக எண்ண ஆரம்பித்தார். கிரவுண்டில் பையன்களுக்கு எண்ணுகிற அதே குரல்.

"ஒன்னு. ரெண்டு."

மூன்று என்ற வார்த்தை எங்கள் காதில் விழவில்லை. நின்றுகொண்டிருந்தார். கட்டிலைப் பிடித்தபடி, கால் நடுங்க, முகமெல்லாம் கண்ணீரும் வேர்வையுமாக நின்றுகொண்டிருந்தார். பிறகு மெத்தையில் உட்கார்ந்தார். கனி ஈரத் துண்டைக் கொண்டுபோய் அவர் கழுத்தில் போட்டாள்.

அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"ஜூன் ஒன்னு போய் பள்ளிக்கூட மணிய அடி, போ."

போனேன். இன்னும் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இஷ்டப்பட்டு, நானாகத்தான் ஓய்வு பெற்றேன். அவருக்கு அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். இரண்டு முறை நோய் திரும்பி வந்து, கற்றதையெல்லாம் துடைத்துவிட்டுப் போனது. இரண்டு முறையும் ஐந்தரை மணியிலிருந்து ஆரம்பித்தார். இப்போது கைக்கோலோடு நடக்கிறார். வெளியூர் என்றால் சக்கர நாற்காலி. கனி மஸ்கட்டிலிருந்து போனில் எண்ணிக்கை கேட்பாள். அவர் இரண்டைக் கூட்டித்தான் சொல்வார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மே முப்பதைத்தான். அன்று அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு, கனியை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் கோபம் வந்தது எனக்கே ஆச்சரியம்தான். என் இரண்டு மணிக்கட்டிலும் அவள் நகம் பதிந்து சிவந்திருந்தது. அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இங்க பாரு. களவாணியப் பிடிக்க மாதிரியா பிடிப்ப? நான் ஓடிப் போய்த் தூக்கிருவேன்னு அவ்வளவு பயமா உனக்கு?"

கனி என் கையைப் பார்த்தாள். மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

"உங்களுக்குப் பயந்து பிடிக்கல டீச்சர்" என்றாள். "நானே ஓடிப் போய்த் தூக்கிருவேன்னுதான் உங்களப் பிடிச்சுக்கிட்டேன்."